இரண்டு கைப்பிடி

பேகம்பூர், திண்டுக்கல்
19.8.2024

இஃப்பத்தின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அந்தக் கடமைக்காகவாவது பதில் எழுதுவீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போன் போட்டால் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு விழுகிறது, அதோடு சரி. திருச்செங்கோட்டில் நீங்கள் வேலை பார்க்கிற ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வண்டிகளின் பட்டறை விலாசத்தை இஃப்பத்திடம் கேட்டு வாங்கினேன். கல்யாணமாகி மதுரைக்குப் போன மகளோடு மட்டும் வாராவாரம் பேசுகிறீர்களாம். பேசுங்கள், நல்லதுதான்.

நம் விஷயம் பேச இதை எழுதவில்லை. கல்யாணச் சமையலுக்கான விறகு விஷயம்.

சோலைமுத்து அண்ணனுக்கு வலது தோள் போய்விட்டது. இனிக் கோடாலி தூக்கினால் அந்தக் கை சோற்றுக்கே எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கேட்கிற ஆளா? சித்தையன்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, வலி இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, இடது கையால் பிளக்கிறார். போன வாரம் புளியங்கட்டையில் கோடாலி வழுக்கிக் காலுக்குப் பக்கத்தில் மண்ணில் இறங்கியது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். 

கேஸ் அடுப்புக்கு மாறச் சொல்கிறார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே. "வெறகுல தம் போடாட்டி அது பிரியாணியாம்மா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறார்கள். பிளந்த விறகை வேறு கடையில் வாங்கிக்கொள்ளலாம்தான். அப்படி வாங்கினால் சோலைமுத்து அண்ணனுக்கு இங்கே என்ன வேலை?

"வீட்ல இருண்ணே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு என்கிறார்கள் எல்லோரும். அந்த வார்த்தையை ஒரு தடவை பழனி மண்டபத்தில் ஒரு ஆளிடம் சொல்லிவிட்டு இன்று வரைக்கும் அனுபவிக்கிறேன். இன்னொரு ஆளிடம் சொல்ல என்னால் ஆகாது. அவர் கோடாலியையும் விட வேண்டும், இங்கேயும் வர வேண்டும். அதற்கு ஒரு வழி வேண்டும்.

பக்கத்து கிரில் பட்டறை மன்சூர் அண்ணன், ஆயில் அழுத்தத்தில் கட்டை பிளக்கிற மிஷினை யூடியூபில் பார்த்தாராம். தானே செய்துவிடுவேன் என்கிறார். என்ன சிலிண்டர், என்ன பம்ப் என்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை.

நர்கீஸ்


திருச்செங்கோடு
2.9.2024

நர்கீஸ்,

வ அலைக்கும் ஸலாம். கடமை முடிந்தது.

போனை எடுக்காததற்குக் காரணம் உனக்குத் தெரியும். பேசினால் நாலாவது வார்த்தையில் சண்டை. தாளில் உன் குரல் கேட்காது. அது ஒரு நிம்மதி.

விறகு பிளக்கிற மிஷின் வேண்டாம். மன்சூர் நல்ல மனிதர், இரும்புக் கேட்டும் கிரில்லும் நன்றாகச் செய்வார். கேட்டு ஆளை அடிக்காது. ஆயில் வேலை அப்படி இல்லை. இங்கே பட்டறையில் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு கையில் அதற்குப் போதுமான விரல் இல்லாததால். யூடியூபில் அதைக் காட்ட மாட்டார்கள்.

ஆனால் சோலைமுத்துவின் காலுக்குப் பக்கத்தில் கோடாலி இறங்கியது என்று எழுதிவிட்டாய். அதைப் படித்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை. இதற்கெல்லாம் பதில் எழுது. நீ வாங்குகிற கட்டையில் மிகப் பருமனானது எவ்வளவு இருக்கும்? எல்லாம் புளிதானா, கருவேலமும் வருகிறதா? வீட்டுக்குச் சாதாரண கரண்டா, மூன்று பேஸ் இழுத்துவிட்டாயா? நான் மறுபடி எழுதும் வரைக்கும் எதையும் வாங்காதே. மன்சூரிடமும் சொல்லிவை.

பழனி மண்டபத்தைப் பற்றி நீ எழுதாமல் இருந்திருக்கலாம். எழுதிவிட்டாய், நானும் எழுதுகிறேன். அன்றைக்கு சோலைமுத்து காய்ச்சலில் வரவில்லை. இருந்தது எல்லாம் பிளக்காத கட்டை. சிராயாகப் பிளந்த விறகு என்றால் நெருப்பை இழுக்கலாம், தள்ளலாம். முழுக்கட்டை ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தணிக்கவும் முடியாது, வெளியே இழுக்கவும் முடியாது. பிரியாணி வெந்த தேக்சா அடி பிடித்தது. யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்கும். நீ அத்தனை பேர் முன்னால், "அடுப்பப் பாக்கத் தெரியலேன்னா வீட்ல இருங்க" என்றாய். என் பட்டறையை மூடிவிட்டு உன்னோடு வந்து நின்றவன் நான்.

இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். விறகுக்கு மட்டும் எழுது.

சேக் பரீது


பேகம்பூர்
20.9.2024

இஃப்பத்தின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்து சேர்ந்தபோது மன்சூர் அண்ணன் எல்லாம் வாங்கி, வெல்டும் வைத்து முடித்திருந்தார். என்னைத் திட்டுவதென்றால் இந்த இடத்திலேயே திட்டிவிட்டு மேலே படியுங்கள்.

பழைய இரும்புக் கடையில் டிப்பர் லாரியின் ஜாக்கி ஒன்று கிடைத்ததாம். "மண்ணு லோடோட வண்டியவே தூக்குற சாமான்ம்மா, புளியங்கட்ட எம்மாத்தரம்?" என்றார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. பம்ப் ஏதோ டிராக்டரில் கழற்றியது. இரும்பு உத்தரத்தில் ஜாக்கியைப் படுக்க வைத்து, எதிரே ஆப்பு மாதிரி ஒரு இரும்பை நிறுத்தி, முதல் கட்டையை வைத்தார். தெருவே வந்து நின்றது. கட்டை இரண்டாகப் பிளந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள்.

அதற்கப்புறம் அந்தத் தண்டு போன இடத்திலேயே நின்றுவிட்டது. லீவரை எப்படி ஆட்டினாலும் உள்ளே வரவில்லை. கடப்பாரை போட்டு நாலு பேர் தள்ளி உள்ளே அனுப்பினார்கள். அடுத்த கட்டைக்கும் அதே கதை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. "போறதெல்லாம் நல்லாத்தேன் போகுது. திரும்பி வரத்தேன் தெரியல" என்றார் சோலைமுத்து அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது, சிரிக்க முடியவில்லை.

மிஷின் தோற்றதில் அவருக்கு ஒரு சந்தோஷம். அந்த உற்சாகத்தில் அன்றைக்கு மலையாகப் பிளந்து குவித்தார். சாயங்காலம் சட்டையைக் கழற்றக் கை வராமல், மன்சூர் அண்ணன்தான் பிள்ளைக்குக் கழற்றுவது மாதிரி கழற்றிவிட்டார். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். கட்டை என் இரண்டு கையால் கட்டிப் பிடிக்கிற பருமன் வரைக்கும் வருகிறது. முக்கால்வாசி புளி, மீதி கருவேலம். கரண்டு சாதாரணம்தான், மூன்று பேஸ் இழுக்க எங்கே நேரம்? முஹர்ரம் கழிந்ததிலிருந்து கல்யாணத்துக்கு மேல் கல்யாணம். எனக்கும் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

பழனிக்குப் பதில் எழுதவில்லை. நீங்கள்தான் வேண்டாம் என்றீர்களே.

நர்கீஸ்


திருச்செங்கோடு
1.10.2024

நர்கீஸ்,

வ அலைக்கும் ஸலாம். நீ சொன்ன இடத்திலேயே நிறுத்தித் திட்டிவிட்டுத்தான் மேலே படித்தேன்.

டிப்பர் ஜாக்கிக்கு ஒரு பக்கம்தான் ஆயில் போகும். அது தூக்கும், அவ்வளவுதான். திரும்ப அமுக்குவது லாரித் தொட்டியின் பாரம். படுக்க வைத்துவிட்டால் அதை யார் அமுக்குவது? முன்னால் தள்ள ஒரு வழி, பின்னால் இழுக்க ஒரு வழி என்று இரண்டு பக்கமும் ஆயில் போகிற சிலிண்டர்தான் வேண்டும். பழைய ஜேசிபியின் பக்கெட் சிலிண்டர் இங்கே கழிவில் கிடக்கிறது. தண்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் இடறவில்லை. கீறல் இருந்தால் நகம் இடறும், அந்த வழியே ஆயில் கசியும். இது நல்ல தண்டு. சீல் மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

உன் வீட்டுக் கரண்டுக்கு மூன்று ஹெச்பி மோட்டார்தான் தாங்கும். சின்ன மோட்டாரை வைத்துக்கொண்டு பெரிய கட்டையைப் பிளக்க இரண்டு கட்டமாக ஓடுகிற பம்ப் வேண்டும். சும்மா போகும்போது விறுவிறு என்று போகும். கட்டையில் முட்டியதும் நிதானமாகி அழுத்தத்தைக் கூட்டும். மெதுவாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. அடுத்து ரிலீஃப் வால்வு. கணு விழுந்த கட்டை சில நேரம் பிளக்க மறுக்கும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வழி இல்லாவிட்டால் ஹோஸ் வெடிக்கும். ஓரளவுக்கு மேல் போனால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடுவது இந்த வால்வு. மன்சூரின் மிஷினில் அது இருந்ததா என்று கேட்டுப் பார். இருந்திருக்காது. அன்றைக்குத் தெருவே சுற்றி நின்றது என்று எழுதியிருக்கிறாய், அதைப் படித்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எல்லாவற்றையும் விட முக்கியம் லீவர். தள்ளிவிட்டால் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிற லீவர் உண்டு. வேலைக்குச் சுகம், கைக்கு எமன். கையை எடுத்தவுடன் ஸ்பிரிங்கில் நடுவுக்கு வந்து, தண்டு அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். அதிலும் ஒரு கைப்பிடி போதாது. சோலைமுத்துவைக் கவனித்திருக்கிறாயா? கட்டையை ஒரு கையால் பிடித்து நிறுத்தி, தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வெட்டுவான். இத்தனை வருஷப் பழக்கம், மிஷினிலும் அந்தக் கை கட்டையைத் தேடிப் போகும். அதனால் இரண்டு கைப்பிடி வைக்கிறேன். இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் தண்டு நகரும்.

சாமான்களை நானே சேர்த்து அனுப்புகிறேன். ஒரு அளவு மட்டும் வேண்டும். சோலைமுத்து நேராக நின்றால் தரையிலிருந்து முழங்கை எவ்வளவு உயரம்? தோளைத் தூக்காமல் அமுக்குகிற மாதிரி கைப்பிடியை வைக்க வேண்டும். எடுத்து எழுது.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. தண்ணீர்த் தேக்சாவை நீயே தூக்காதே.

சேக் பரீது


பேகம்பூர்
24.10.2024

இஃப்பத்தின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கை அளவு எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் போய்விட்டது.

நேற்று சோலைமுத்து அண்ணனின் மனைவி ஜக்கம்மாள் மொச்சைக்காய் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, "மாப்ள வந்துருந்தாகளே, இங்கிட்டும் வந்தாகளா?" என்று கேட்டார். நான் முழித்தேன். "டேப்ப வச்சு இவரு கையி, இடுப்பு எல்லாத்தயும் அளந்தாக. காப்பித்தண்ணி குடிச்சாக. செத்த நேரம் பேசிக்கிட்டு இருந்தாக. போயிட்டாக." அவருக்குச் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று ஆகிவிட்டது. எனக்கு அவரைச் சமாதானம் செய்வதே பெரிய வேலையாகப் போனது.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்காமல் சித்தையன்கோட்டைக்குப் போக முடியாது. திரும்பிப் போகிறபோதும் அதே பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து பேகம்பூருக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வேலை செய்கிற ஆளின் முழங்கையை அளக்கத் திருச்செங்கோட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறீர்கள். பெண்டாட்டியின் முழங்காலுக்குத் தபாலில் ஒத்தடம்.

போன கடிதத்தில் "உன் வீட்டுக் கரண்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோதே சுருக்கென்றது, விட்டுவிட்டேன். இந்த வீட்டுக்கு மீட்டர் மாட்டியபோது மின்வாரிய ஆபீஸுக்கு நடையாய் நடந்தது யார்? கார்டில் இன்னும் உங்கள் பெயர்தான் இருக்கிறது.

எனக்கு அலுத்துவிட்டது. சண்டை போடக்கூட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். சாமானை அனுப்புவதென்றால் அனுப்புங்கள். மழை பிடித்துவிட்டது, விறகு நனைந்தால் இன்னும் கஷ்டம். சோலைமுத்து அண்ணன் இப்போதெல்லாம் நான் பார்க்காத நேரமாகப் பார்த்துப் பிளக்கிறார்.

நர்கீஸ்


திருச்செங்கோடு
6.11.2024

நர்கீஸ்,

வ அலைக்கும் ஸலாம். ஜக்கம்மாளிடம் சொல்ல வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வேண்டாம் என்றிருந்தாலும் சொல்லியிருப்பார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பேகம்பூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். இறங்கிவிட்டேன். வந்திருந்தால் நீ டீ போட்டிருப்பாய். கோபமாகத்தான் வைத்திருப்பாய், ஆனாலும் வைத்திருப்பாய். நான் குடித்துவிட்டு, எதற்கு வந்தேன் என்றால் அளவெடுக்க வந்தேன் என்று சொல்லி, மறுபடி கிளம்பியிருக்க வேண்டும். அந்த வாசலிலிருந்து ஒரு தடவை கிளம்பியதே இன்னும் உடம்பில் இருக்கிறது. இன்னொரு தடவை என்னால் முடியாது. இரு என்று நீ சொல்வாயா மாட்டாயா என்று தெரியாமல் எப்படி வருவது?

சாமான் எல்லாம் பார்சல் சர்வீஸில் நாளை கிளம்பும். சிலிண்டர், பம்ப், மோட்டார், வால்வு, ஹோஸ், ஆயில் தொட்டி, பில்டர். மாட்டுகிற முறையைத் தனியாக வரைந்து வைத்திருக்கிறேன். மன்சூர் சொந்த மூளையைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிட்டு அதன்படி மாட்டட்டும். கைப்பிடிகளை சோலைமுத்துவின் இடுப்புக்குச் சரியாக இங்கேயே வெல்டு செய்துவிட்டேன். பட்டறையில் ஒரு வேப்பங்கட்டையை வைத்து ஓட்டியும் பார்த்தேன். போனது, திரும்பியும் வந்தது.

ஒன்றை மட்டும் எல்லோருக்கும் சொல். ஹோஸில் கசிகிறதா என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. ஊசி முனை ஓட்டையிலிருந்து பீச்சுகிற ஆயில் தோலுக்குள்ளேயே ஏறிவிடும், கையையே எடுக்க வேண்டி வரும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும்.

கார்டில் என் பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. மாற்றியிருப்பாய் என்று நினைத்தேன்.

சேக் பரீது


பேகம்பூர்
9.12.2024

இஃப்பத்தின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மிஷின் ஓடுகிறது. நீங்கள் வரைந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு மன்சூர் அண்ணன் மாட்டினார். ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. சோலைமுத்து அண்ணன் இரண்டு கையையும் வைத்து அமுக்கினார், தோள் அசையவே இல்லை. பெரிய கணுக் கட்டை, போன வருஷம் தொடவே முடியாமல் ஓரமாகக் கிடந்ததே, அது முறுமுறு என்று சத்தம் போட்டுக்கொண்டு திறந்தது. "மாப்ள சட்டை தைக்கிற மாதிரில்ல அளவெடுத்து அடிச்சிருக்காரு" என்றார். இரண்டு நாள் ராஜா மாதிரி நின்று ஓட்டினார்.

மூன்றாம் நாள் அவர் இல்லை. அதற்கப்புறமும் வரவில்லை.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நான் யாரையும் திட்டவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் எனக்கும் ஆசை வந்துவிட்டது. "தள்ளுண்ணே, நானும் பாக்குறேன்" என்று கைப்பிடி இரண்டையும் பிடித்து அமுக்கினேன். கட்டை பிளந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "யா அல்லா, இம்புட்டு லேசா! இனிமே நானே பொளந்துக்கிருவேன் போலயே!" என்று கத்திவிட்டேன். சமையலாட்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். போகும்போது மூலையில் கிடந்த கோடாலியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் விறகு பிளக்கத்தான் என்று நினைத்தேன்.

மன்சூர் அண்ணன் போய்ப் பார்த்தார். "மிஷின் இருக்கைல நான் என்னத்துக்கு? தங்கச்சியே அமுக்கிரும்" என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம்.

அவர் இங்கே வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவு பாடு. நரம்பில்லாத நாக்கு. பழனியில் கோபத்தில் பேசியது ஒரு ஆளை அனுப்பியது, இப்போது சந்தோஷத்தில் பேசியது ஒரு ஆளை அனுப்பிவிட்டது. இனி எதில்தான் பேசுவது? மன்சூர் அண்ணனின் ஆள் ஒருவன் வந்து பிளந்து தருகிறான். எல்லாவற்றையும் ஒரே பருமனில் போட்டு வைக்கிறான். முதல் கொதிக்கு ஒன்று, தம்முக்கு ஒன்று என்று அவனுக்குத் தெரியவில்லை. போன கல்யாணத்தில் தணல் நிற்கவே இல்லை.

மிஷினுக்கு ஒவ்வொரு பாகமாக எழுதினீர்களே, இதற்கு எந்தப் பாகத்தை மாற்றுவது என்றும் எழுதுங்கள்.

நர்கீஸ்


திருச்செங்கோடு
18.12.2024

நர்கீஸ்,

வ அலைக்கும் ஸலாம். இதற்குப் பாகம் கிடையாது.

மன்சூரை ஏன் அனுப்பினாய்? நீ போயிருக்க வேண்டும். ஆள் அனுப்பினால் வேலைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். அவனுக்கு வேலை கிடைக்காதா? இந்தத் தோளை வைத்துக்கொண்டு தோட்டக் காவலுக்குப் போனாலும் சோறு உண்டு. அதற்காகவா முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துகொண்டிருந்தான்?

என் கதையைச் சொல்கிறேன், அவனைப் புரிந்துகொள்ள உதவும். நீ திட்டியவுடனே நான் கிளம்பவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்த மண்டபத்தில் நின்று அடிப்பிடித்த தேக்சாவைத் தேய்த்தேன். நீ ஏதாவது வேலை சொல்வாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கரண்டியை எடுங்க, இந்தத் தட்டைக் கழுவுங்க என்று ஏதாவது. நீ எல்லோருக்கும் சொன்னாய், எனக்கு மட்டும் சொல்லவில்லை. வேனில் சாமான் ஏற்றினார்கள், நான் கை வைக்காமலே எல்லாம் ஏறிவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் முடிவு செய்தேன். திட்டு ஒன்றும் பெரிதில்லை நர்கீஸ், கல்யாணமான நாளிலிருந்து வாங்குகிறேன்.

அவனுக்கும் அதேதான். அவன் கைக்குத் தகுந்த மாதிரி கைப்பிடி செய்தேனே தவிர, அந்தக் கை வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அவனுக்காகத்தான் மிஷின் என்று அவனுக்குத் தெரியுமா? நீயும் சொல்லியிருக்க மாட்டாய். நான் அளவெடுத்தபோது, "எதுக்கு மாப்ள?" என்று கேட்டான். சும்மா என்று சொல்லிவிட்டேன்.

நீ போ. வேனில் போகாதே, பஸ்ஸில் போ. தணல் நிற்கவில்லை என்று எனக்கு எழுதினாயே, அதை அவனிடம் சொல்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயற்சி செய்யாதே.

சேக் பரீது


பேகம்பூர்
2.1.2025

இஃப்பத்தின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த வரியைப் படிக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. அடித்த அடியில் தாளே கிழிந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சித்தையன்கோட்டைக்குப் போனேன், பஸ்ஸில்தான். செம்பட்டி வரைக்கும் நின்றுகொண்டே போனதில் முழங்கால் வீங்கிவிட்டது. சோலைமுத்து அண்ணன் வாசலில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தார், இடது கையால். என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டையைத் தேடினார். "எதுக்கு தங்கச்சி இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா வரமாட்டனா?" என்றார். மன்சூர் அண்ணனிடம் சொல்லிவிட்டும் வராததை நான் சொல்லிக்காட்டவில்லை. நம்பமாட்டீர்கள், ஆனால் வாயை அடக்கிக்கொண்டேன்.

"தணல் நிக்க மாட்டேங்குதுண்ணே" என்றேன்.

"எந்தக் கட்டயப் போடுறாய்ங்க?"

"எல்லாத்தையும் ஒண்ணாப் போடுறாய்ங்க."

தலையில் அடித்துக்கொண்டார். "கருவேலத்தக் கடைசிக்குல்ல வைக்கணும். கணு உள்ள பக்கத்த ஆப்புக்கு நேரா வச்சா மிஷினு முக்காம என்ன செய்யும்? பாத்து வைக்க ஆளு இல்லயா அங்கிட்டு?"

"இல்லண்ணே. அதுக்குத்தான் வந்தேன். அந்த மிஷினு ஒங்களுக்காகச் செஞ்சது. ஒங்க கைக்கு அளவெடுத்துச் செஞ்சது. நீங்க இல்லாம அடுப்பு எரியல. எனக்கும் அங்க உக்கார முடியல."

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார். ஜக்கம்மாள் நிலைப்படியில் நின்றபடி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் சோலைமுத்து அண்ணன் என்னைக் கேட்டார்.

"இத மாப்ளட்டச் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

"அவரு கேக்கலையே."

"நான் மட்டும் கேட்டனா?"

 வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த அம்மாள் யார் தவறிவிட்டார்கள் என்று விசாரித்தார்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர் வந்துவிட்டார். மிஷினுக்கு முன்னால் நின்று, மன்சூர் அண்ணனின் ஆள் பிளந்து போட்டதை எல்லாம் காலால் தள்ளிப் பார்த்து, வாயில் வந்தபடி ஏசினார். கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது.

இப்போது உங்களுக்கு எழுதுகிறேன். விறகு பிளக்க ஆள் இருக்கிறது, மிஷினும் இருக்கிறது, ஆயில் கசியவில்லை. உங்களைக் கூப்பிட எனக்கு ஒரு வேலையும் மிச்சமில்லை. வேலைக்காக இல்லை. எனக்கு நீங்கள் வேண்டும். வந்தால் இருங்கள். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம். திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், அது என்னால் ஆகாது. ஆனால் திட்டிவிட்டுப் பார்க்காமல் திரும்பிக்கொள்ளமாட்டேன்.

பத்தாம் தேதி வெள்ளிக்கிழமை ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். சனிக்கிழமை வாருங்கள். சனிக்கிழமை ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வீட்டில் இருப்பேன்.

நர்கீஸ்